கடைசி ஐந்து வருடம்: பேஸ்பால் ஒப்பந்தங்கள் சுமையாவது எப்படி

2001-இல் ஆல்பர்ட் புஹோல்ஸ் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காகத் தன் முதல் சீசனை ஆடினார். 37 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்ற அடி), சிறந்த புதுமுகம் விருது. அந்த வருடம் அவருக்குக் கிடைத்த சம்பளம் 2 லட்சம் டாலர். இருபது வருடம் கழித்து, 2021-இல், ஏஞ்சல்ஸ் அணியில் அவர் சம்பளம் 3 கோடி டாலர். அந்த சீசன் தொடங்கி இரண்டாவது மாதத்திலேயே அணி அவரை விடுவித்துவிட்டது. 150 மடங்கு கூடுதல் சம்பளம், ஆனால் ஆட்டத்தில் இடமில்லை.

இதைப் பார்த்ததும் 'தண்டச் சம்பளம்' என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் 2001-இன் 2 லட்சத்தையும் 2021-இன் 3 கோடியையும் உண்டாக்கியது ஒரே ஏற்பாடுதான்.

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 172 நாள் அணிப் பட்டியலில் இருந்தால் ஒரு வருட சேவை. பெரும்பாலானவர்களுக்கு முதல் மூன்று வருடம் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே கிடைக்கும். அது 2026-க்கு 7.8 லட்சம் டாலர். அடுத்த மூன்று வருடம் ஊதியத்தை அணியோடு பேசி முடிக்கலாம். ஒத்துவராவிட்டால் நடுவர் குழு தீர்மானிக்கும். ஆறு வருடம் நிறைந்த பிறகுதான் ஆட்டக்காரர் 'ஃப்ரீ ஏஜென்ட்' ஆகி எந்த அணியோடும் பேச முடியும். 24 வயதில் வந்தவர் 30 வயதில் சந்தைக்கு வருகிறார். பேட்டரின் உச்சமோ பொதுவாக 26 முதல் 29 வரை. ஆக, சிறந்த ஆட்டம் மலிவு விலைக்குப் போகிறது. பெரிய பணம் சரிவின் வாசலில் வந்து நிற்கிறது.

அணிகளுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். அவர்கள் போடும் கணக்கின் எளிய வடிவம் இது. கீழ்நிலைப் போட்டிகளான மைனர் லீக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் கொண்டுவரக்கூடிய சாதாரண ஆட்டக்காரரைவிட ஒருவர் சீசனுக்கு எத்தனை வெற்றி கூடுதலாகத் தருகிறார் என்பது 'வார்' என்ற அளவு. ஒரு வெற்றியின் சந்தை விலை 80 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். 30 வயதில் 5 வெற்றி தருபவர் ஒவ்வொரு வருடமும் அரை வெற்றி இழக்கிறார் என்று கொண்டால், பத்து வருடத்தில் 27.5 வெற்றி, மதிப்பு 22 கோடி. வருடத்துக்கு 2.2 கோடி வீதம் ஒப்பந்தம் போடலாம். முதல் ஐந்து வருடத்தில் 16 கோடி மதிப்புள்ள ஆட்டத்துக்கு 11 கோடிதான் கொடுக்கிறோம். கடைசி ஐந்து வருடத்தில் 6 கோடி மதிப்புக்கு 11 கோடி. முன்னால் மிஞ்சிய 5 கோடியும் பின்னால் துண்டு விழுந்த 5 கோடியும் சரியாகிவிடுகின்றன. அதாவது கடைசி வருடங்களின் 'வீண் செலவு' முதல் வருடங்களுக்கான தவணை.

ஆபத்து தொடக்கப்புள்ளியில் இருக்கிறது. அவர் 5 வெற்றிக்காரர் அல்ல, 4 வெற்றிக்காரர் என்று வையுங்கள். அதே சரிவில் எட்டு வருடத்திலேயே அவர் தருவது தீர்ந்து, பத்து வருட மொத்தம் 18 வெற்றியாகிவிடும், மதிப்பு 14.4 கோடி. ஒரே ஒரு வெற்றியைத் தப்பாகக் கணித்ததற்கு 7.6 கோடி நஷ்டம். ஒரு ஆட்டக்காரருக்காக அணிகள் போட்டி போடும் இந்த ஏலத்தில் ஜெயிப்பவரும் பெரும்பாலும் ஆட்டக்காரரை மிக அதிகமாக மதிப்பிட்ட அணிதான்.

சரிவு ஏன் வருகிறது என்பதைப் பந்து மட்டையில் படும் இடத்தில் பார்க்கலாம். பந்து வீசும் பிட்சரின் மேட்டிலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட் 18.44 மீட்டர். மணிக்கு 153 கிலோமீட்டர் வேகப் பந்து சுமார் 0.4 விநாடியில் வந்துவிடும். அதில் பாதி, பந்தைப் பார்த்து முடிவெடுப்பதற்கே போய்விடும். மட்டை சில மில்லி விநாடி பிந்தினாலே பந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே ஃபவுலாகப் போகும். வயதாகி மட்டை வேகம் குறையும்போது பேட்டர் அதை ஈடுகட்ட முன்கூட்டியே மட்டையை வீசத் தொடங்குகிறார். முன்கூட்டி வீசுவதென்றால் பாதி ஊகம். அந்த ஊகத்தைத்தான் பிட்சர் வேகம் குறைந்த வளைபந்து போட்டு உடைக்கிறார்.

ஆடும் இடமும் முக்கியம். இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நின்று ஃபீல்டிங் செய்யும் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் ஆடுபவருக்குக் கால் தளர்ந்தால் இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு மாற்றலாம். முதல் பேஸைக் காக்கும் முதல் பேஸ்மேனை எங்கே மாற்றுவது? அதற்கு அடுத்தது ஃபீல்டிங்கே இல்லாமல் மட்டை மட்டும் பிடிக்கும் டி.எச். இடம்தான். மட்டை ஓய்ந்தால் அவரிடம் வேறெதுவும் மிஞ்சாது. புஹோல்ஸ் முதல் பேஸ்மேன். 32 வயதில் தொடங்கிய பத்து வருட, 24 கோடி டாலர் ஒப்பந்தம் அவருடையது. செயின்ட் லூயிஸில் .328 சராசரி (ஆயிரம் வாய்ப்பில் 328 ஹிட், அதாவது பேஸை எட்டவைக்கும் அடி) வைத்திருந்தவர் ஏஞ்சல்ஸில் .256-க்கு இறங்கினார். சம்பளமோ 1.2 கோடியில் தொடங்கி ஏறிக்கொண்டே போனது. ஆட்டத்தின் கோடு கீழே போக, பணத்தின் கோடு மேலே போகும்படி எழுதப்பட்ட ஒப்பந்தம் அது.

பால்டிமோர் ஓரியோல்ஸின் கிறிஸ் டேவிஸும் முதல் பேஸ்மேன்தான். 2015-இல் 47 ஹோம் ரன் அடித்த கையோடு ஏழு வருடத்துக்கு 16.1 கோடி. 2018-இல் அவர் சராசரி .168. அந்த வருடக் கடைசியிலிருந்து 2019 ஏப்ரல் 13 வரை தொடர்ந்து 54 முறை ஹிட் இல்லாமல் திரும்பினார். பிட்சர்களின் கதை இன்னும் கடுமை, ஏனென்றால் அங்கே சரிவு மெதுவாக வராது. வாஷிங்டன் நேஷனல்ஸின் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் 2019 உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர். அந்த டிசம்பரிலேயே ஏழு வருடம், 24.5 கோடி. கழுத்துக்கும் தோளுக்கும் இடையே நரம்பு நசுங்கும் கோளாறு வந்து, அந்த ஒப்பந்தத்தில் அவர் ஆடியது மொத்தம் எட்டே ஆட்டம். ஆனால் அதே அணி 2015-இல் மேக்ஸ் ஷெர்ஸருடன் செய்த ஏழு வருட, 21 கோடி ஒப்பந்தம் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதுகள் இரண்டையும் ஒரு கோப்பையையும் தந்தது. நீண்ட ஒப்பந்தம் என்றாலே நஷ்டம் என்பது சரியல்ல.

வருடங்களை நீட்டுவதற்கு இன்னொரு காரணம் சொகுசு வரி. அணியின் மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டினால் (2025-இல் 24.1 கோடி) மிஞ்சிய தொகைக்கு முதல் வருடம் 20, தொடர்ந்து இரண்டாம் வருடம் 30, மூன்றாம் வருடம் 50 சதவீத வரி. இதற்கு எடுத்துக்கொள்வது ஒப்பந்தத்தின் வருடச் சராசரியை. பிரைஸ் ஹார்ப்பர் என்ற ஆட்டக்காரரின் 33 கோடி ஒப்பந்தத்தைப் பத்து வருடத்துக்குப் போட்டிருந்தால் சராசரி 3.3 கோடி. அவரை எடுத்த ஃபிலாடெல்ஃபியா அணி 13 வருடத்துக்குப் போட்டது, சராசரி 2.54 கோடிக்கு இறங்கியது.

கழற்றிவிட வழி குறைவு. சம்பளத்துக்கு முழு உத்தரவாதம் உண்டு. விடுவித்தாலும் கொடுத்தே ஆக வேண்டும். புஹோல்ஸை அடுத்து எடுத்துக்கொண்ட டாட்ஜர்ஸ் குறைந்தபட்சச் சம்பளத்தின் பங்கை மட்டும் கொடுத்தது, மீதி ஏஞ்சல்ஸ் தலையில். வேறு அணிக்கு மாற்றலாம் என்றால் கூடவே பணமும் அனுப்ப வேண்டியிருக்கும். டெட்ராய்ட் 2013-இல் பிரின்ஸ் ஃபீல்டரை 3 கோடி டாலரோடுதான் அனுப்பியது. பத்து வருட சேவையும், அதில் கடைசி ஐந்து ஒரே அணியிலும் இருந்தால், ஆட்டக்காரர் சம்மதமின்றி மாற்றவே முடியாது. தானாக ஓய்வு பெற்றால் மிச்சப் பணம் போய்விடும் என்பதால் காயப்பட்டவர்களும் அவசரப்பட்டு ஓய்வை அறிவிப்பதில்லை.

மிச்சமிருப்பது தள்ளிப்போடுவது. நியூயார்க் மெட்ஸ் 2000-இல் தன் ஆட்டக்காரர் பாபி போனியாவுக்குத் தர வேண்டிய 59 லட்சத்தை 8 சதவீத வட்டிக்குத் தள்ளிப்போட்டது. 11 வருடத்தில் அது 1.376 கோடியாக வளர்ந்தது. மீதித் தொகைக்கும் அதே வட்டி ஓட, அதை 25 தவணையாகப் பிரித்தால், 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1-க்கும் 11,93,248 டாலர் 20 சென்ட்.

2023 டிசம்பரில் டாட்ஜர்ஸுடன் ஷோஹேய் ஒடானி செய்த ஒப்பந்தத்தில் வட்டி கிடையாது. 70 கோடியில் 68 கோடி பிற்பாடு. ஆடும் பத்து வருடமும் வருடத்துக்கு 20 லட்சம், 2034 முதல் 2043 வரை வருடத்துக்கு 6.8 கோடி. பத்து வருடம் கழித்து வரும் 6.8 கோடியை வருடத்துக்கு 4.43 சதவீத வட்டி வீதம் பின்னோக்கிக் குறைத்துப் பார்த்தால் இன்றைய மதிப்பு சுமார் 4.4 கோடி, கையில் வாங்கும் 20 லட்சத்தைச் சேர்த்து சுமார் 4.6 கோடி. சொகுசு வரிக் கணக்கில் ஏறுவது இந்தத் தொகைதான், 7 கோடி அல்ல. அணி பிறகு கையை விரித்துவிடவும் முடியாது: ஒரு சீசனில் தள்ளிவைத்த தொகைக்கு ஈடான இன்றைய மதிப்பை, அந்த சீசனுக்குப் பிறகு வரும் இரண்டாவது ஜூலை 1-க்குள் தனியே ஒதுக்கிவைக்க வேண்டும் என்று ஆட்டக்காரர் சங்கத்தோடு செய்த உடன்படிக்கையில் இருக்கிறது.