மின்கம்பி எட்டாத வீட்டுக்குச் சோலார்: பேனலை விடப் பேட்டரியைப் பாருங்கள்

பாபநாசத்து அணை நீரில் 1940களிலிருந்து மின்சாரம் எடுக்கிறோம். கூடங்குளத்தில் தலா 1000 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு உலைகள் ஓடுகின்றன. ராதாபுரம் பக்கம் திரும்பிய இடமெல்லாம் காற்றாலை. இருந்தும் இதே நெல்லைச் சீமையில் முண்டந்துறைக் காட்டுக்குள் வாழும் காணிப் பழங்குடி மக்களுக்கும், பனைவிளையில் பருவத்துக்குக் குடிசை போட்டுத் தங்கும் பனையேறிகளுக்கும், பட்டா இல்லாமல் புறம்போக்கில் இருப்பவர்களுக்கும் மின் இணைப்பு என்பது எளிதில் கிடைக்கும் பொருளன்று.

இவ்வீடுகளுக்குச் சோலார் பொருத்தித் தருவது என் தொழில். வீட்டுக் கூரை சோலாருக்காக மத்திய அரசு 2024இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தின் மானியம் (3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய்) தங்களுக்கும் கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். மின்வாரிய இணைப்பு இருக்கும் வீட்டுக்குத்தான் அது கிடைக்கும். கம்பியே வராத வீட்டுக்குப் பேட்டரி வைத்த தனி அமைப்புதான் வழி. சிக்கலும் அந்தப் பேட்டரியில்தான் தொடங்குகிறது.

மூன்று 5 வாட் எல்.இ.டி. விளக்குகள் ஐந்து மணி நேரமும், 25 வாட் டி.சி. மின்விசிறி எட்டு மணி நேரமும் ஓடினால் ஓர் இரவுக்கு 275 வாட்-மணி செலவாகும். நல்ல வெயில் நாளில் 100 வாட் பேனல், இழப்புகள் போக ஏறத்தாழ 300 தரும் என்பதால் கணக்கு சரியாகத்தான் தெரியும். ஆனால் ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். எனவே 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருக்கும் 480 வாட்-மணியில் (12 × 40) நம்பி எடுக்கக்கூடியது பாதியான 240 மட்டுமே. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்குபவர் விடியற்காலையில் விசிறி நின்றுவிட்டது என்று, பேட்டரிக்கு வந்து போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரைத்தான் திட்டுகிறார். பேட்டரியைக் காப்பதற்காகவே அது இணைப்பைத் துண்டிக்கிறது. நான் பழுது பார்க்கப் போகும் வீடுகளில் அதிகம் காண்பது, கன்ட்ரோலரைத் தாண்டி விசிறி வயரை நேரே பேட்டரி முனையில் முறுக்கி வைத்திருப்பதைத்தான். முனையில் பச்சை பூத்திருக்கும், உள்ளே தட்டுகள் தெரியுமளவுக்குத் தண்ணீர் வற்றியிருக்கும், சில வீடுகளில் டிஸ்டில்ட் வாட்டருக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றியிருப்பார்கள். அந்தப் பேட்டரியை மீட்க முடியாது. முதலிலேயே 60 ஆம்பியர்-மணி வாங்குங்கள். கையில் பணமிருந்தால் தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத லித்தியம் பெரோ பாஸ்பேட் பேட்டரி இன்னும் நல்லது.

மலையடிவார ஊர்களுக்கு இன்னொன்று. மேற்கே மலை மறைப்பதால் சூரியன் அங்கே முன்னதாகவே இறங்கிவிடும். ஆகவே பேனலை நேர் தெற்கே வைக்காமல் சற்றுத் தென்கிழக்காகத் திருப்பி வைக்கலாம். வேப்பங்கிளை நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் உற்பத்தி வெகுவாகக் குறையும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் விசிறிக்கு ஓய்வு கொடுத்து விளக்கை மட்டும் எரிப்பதே புத்திசாலித்தனம். அந்தக் குளிரில் விசிறியை யார் தேடப் போகிறார்கள்!

பேனல் 25 ஆண்டு உழைக்கும், ஈய-அமில பேட்டரி மூன்று முதல் ஐந்து ஆண்டுதான். நன்கொடையாகச் சோலார் கொடுப்பவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இரண்டாவது பேட்டரிக்கு யார் பொறுப்பு என்று பேசுவதில்லை. குடியிருப்புக்கு ஒரு சிறு சேமிப்பை மாதந்தோறும் போட்டுவர ஏற்பாடு செய்துவிட்டே கொடுக்க வேண்டும். பழைய பேட்டரியைக் காட்டில் எறியாமல் கடையில் கொடுத்தால், ஈயத்தின் விலையைப் புதியதில் கழித்துக்கொள்வார்கள்.