நான்குவழிச் சாலைக்கு அளவெடுக்க வருகிறார்களா? சுரங்கப்பாதையை அப்போதே கேளுங்கள்

சாலை விரிவாக்கப் பணி முக்கால்வாசி முடிந்த பிறகுதான் ஊர்மக்கள் மனுவோடு வருகிறார்கள். பள்ளிக்கூடம் ஒரு பக்கம், குடியிருப்பு மறுபக்கம். நடுவில் மையத் தடுப்புச் சுவர் எழும்பிவிட்டது, பிள்ளைகள் எப்படிக் கடப்பார்கள் என்று கேட்கிறார்கள். கோரிக்கை முழுக்க நியாயமானது. ஆனால் அதற்குப் பணம் ஒதுக்கும் காலம் அதற்கு இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கடந்துபோயிருக்கும். தேசிய நெடுஞ்சாலைகளுக்கு விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கும் பொறியாளர் நான். அந்தக் கோரிக்கையை எப்போது, எப்படி வைத்தால் அது காகிதத்தில் ஏறும் என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

தேசிய நெடுஞ்சாலைகள் ஒன்றிய அரசின் பொறுப்பு. பெட்ரோல், டீசல் மீது வசூலிக்கப்படும் செஸ் வரி, பட்ஜெட் ஒதுக்கீடு, சுங்கக் கட்டணம், தேசிய நெடுஞ்சாலை ஆணையம் முன்பு திரட்டிய கடன், தனியார் முதலீடு ஆகியவை சேர்ந்துதான் சாலையாகின்றன. 2017 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற பாரத்மாலா நெடுஞ்சாலைத் திட்டத்தின் முதல் கட்டத்தில் மட்டும் 34,800 கிலோமீட்டர் சாலைக்கு 5.35 லட்சம் கோடி ரூபாய் திட்டமிடப்பட்டது. இந்தப் பணம் ஒப்பந்ததாரருக்குப் போகும் வழிகள் பல. சில பணிகளுக்கு அரசே முழுத் தொகையையும் தருகிறது. வேறு சிலவற்றில், 2016 முதல் நடைமுறையில் உள்ள கலப்பு முறைப்படி, திட்டச் செலவில் 40 சதவீதத்தைக் கட்டுமானக் காலத்திலேயே அரசு தருகிறது. மீதியை ஒப்பந்ததாரர் கடன் வாங்கிச் செலவிட, அரசு அதை வட்டியோடு 15 ஆண்டுகளில் தவணைகளாகத் திருப்பித் தருகிறது.

எந்த முறையானாலும் ஒன்று பொது. எத்தனை பாலம், எத்தனை சுரங்கப்பாதை, எத்தனை கிலோமீட்டர் அணுகுசாலை என்று ஒப்பந்தத்தின் அட்டவணையில் எழுதியிருப்பதற்குத்தான் விலை பேசப்படுகிறது. அந்த அட்டவணை எங்கள் திட்ட அறிக்கையிலிருந்து எடுக்கப்படுவது. ஒப்பந்தம் கையெழுத்தான பின் ஒரு சுரங்கப்பாதை சேர்க்க வேண்டுமானால் அது பணி வரம்பில் மாற்றம். புதிய மதிப்பீடு, தனி ஒப்புதல், கூடுதல் நிதி எல்லாம் வேண்டும். அதற்குள் அந்த இடத்தில் சாலைக்கு மண் கொட்டி உயர்த்தியிருப்பார்கள். அதை வெட்டியெடுக்க வேண்டும், வாகனங்களைத் திருப்பிவிட வேண்டும். திட்ட அறிக்கைக் கட்டத்தில் வரைபடத்தில் ஒரு கோடாக முடிந்திருக்கும் வேலை, பல அலுவலகங்களைச் சுற்றும் கோப்பாக மாறுகிறது.

அந்த அறிக்கை எப்படித் தயாராகிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை. குறிப்பிட்ட இடங்களில் ஏழு நாட்கள், இரவு பகலாக வாகனங்களை எண்ணுகிறோம். எல்லாவற்றையும் கார் அளவுக்கு மாற்றிக் கூட்டுகிறோம். பஸ்சும் லாரியும் மூன்று கார்களுக்குச் சமம், டிரெய்லர் பூட்டிய டிராக்டர் நாலரை, பைக்கும் சைக்கிளும் அரை. மாட்டு வண்டிக்கு எட்டு! சாலையில் அது எவ்வளவு இடத்தை, நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்பதே கணக்கு. எத்தனை வழிச்சாலை வேண்டும் என்பதை இந்தக் கூட்டுத்தொகையே முடிவுசெய்கிறது. பால் கேனைச் சுமந்தபடி சாலையைக் கடந்து சங்கத்துக்குப் போகும் பெண்ணுக்கு அதில் மதிப்பெண் இல்லை. நடந்து கடப்பவர்களைத் தனியாக எண்ணுவது உண்டு. ஆனால் எந்தெந்த இடத்தில் எண்ணுவது என்பதை வெளியூரிலிருந்து வரும் குழு தீர்மானிக்கிறது. அந்த ஏழு நாட்கள் கோடை விடுமுறையில் விழுந்தால் பள்ளிப் பிள்ளைகள் கணக்கிலேயே வரமாட்டார்கள். அந்த ஒரு வாரக் கணக்கை ஆண்டு முழுவதற்கும் பொருந்தும்படி திருத்தப் பெரும்பாலும் அந்தப் பகுதிப் பெட்ரோல் பங்க்குகளின் மாதாந்திர விற்பனைக் கணக்கைப் பயன்படுத்துகிறோம். கால்நடையாகக் கடப்பவர்களைப் பற்றி அந்தக் கணக்கு எதுவும் சொல்லாது.

சட்டம் என்ன இடம் தருகிறது? தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956-இன் 3ஏ பிரிவின்படி நிலம் எடுக்கும் அறிவிப்பு அரசிதழில் வரும். அதன் சுருக்கம் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் வெளியாகும், அவற்றில் ஒன்று அப்பகுதி மொழியில் இருக்க வேண்டும். அரசிதழில் வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். ஆனால் அந்த உரிமை நிலத்தில் பாத்தியதை உள்ளவருக்கே. நிலமே இல்லாமல் நாள்தோறும் சாலையைக் கடந்து கூலிவேலைக்குப் போகிறவர் இந்தக் கட்டத்தில் வாய்திறக்க வழியில்லை. சுற்றுச்சூழல் கருத்துக்கேட்புக் கூட்டமும் எல்லாத் திட்டங்களுக்கும் நடப்பதில்லை. இருக்கும் சாலையை அகலப்படுத்தும் திட்டம், நீளத்தில் 100 கிலோமீட்டரையும் கூடுதல் அகலத்தில் 40 மீட்டரையும் தாண்டினால்தான் பொதுவாகச் சுற்றுச்சூழல் அனுமதி விதிக்குள் வருகிறது. எனக்கு இதில் கடுமையான மனவருத்தம் உண்டு. சாலையால் மிக அதிகமாகப் பாதிக்கப்படுபவருக்குச் சட்டப்படியான ஒரு நாற்காலி எங்குமே போடப்படவில்லை.

தண்ணீருக்கும் இதே கதிதான். உயர்த்திக் கட்டிய சாலை ஒரு கரை போல நிற்கும். ஏரிக்குப் போகும் வரத்துக்கால்வாய் பத்து ஆண்டுகளாக வறண்டு தூர்ந்திருந்தால் அளவைக் குழுவின் கண்ணுக்கு அது வெறும் பள்ளம். அங்கே சிறுபாலம் வராது. பெருமழை பெய்யும் ஆண்டில் வயல் மூழ்கும்போதுதான் தெரியும். மண்ணின் தன்மையும் அப்படியே. கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கூரியாட்டில், தேசிய நெடுஞ்சாலை 66-க்காக வயல்வெளியில் உயர்த்திக் கட்டிய பகுதி 2025 மே மாதம் சரிந்தது. அந்த வயலில் மழைக்காலத்தில் தண்ணீர் எப்படி நிற்கும் என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டாலே தெரியும். அப்படிக் கேட்பதையும் நான் பொறியியல் வேலையாகவே கருதுகிறேன்.

கேட்கத் தவறிய இடத்துக்குப் பிற்பாடு நிதி வருவது உண்டு. சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்பு அல்லது கொடுங்காயம் ஏற்பட்ட விபத்துகள் ஐந்து நடந்தாலோ, பத்துப் பேர் இறந்தாலோ அது விபத்துக் கரும்புள்ளியாக அடையாளம் காணப்படும். பிறகு மேம்பாலமோ சுரங்கப்பாதையோ திட்டமிடப்படும். ஓர் ஊர் தன் சுரங்கப்பாதைக்கு இந்த விலையைக் கொடுக்கக் கூடாது.

ஆகவே, ஊரில் யாராவது முக்காலியில் கருவி வைத்து அளக்கத் தொடங்கினால் அன்றே விசாரியுங்கள். எந்தத் திட்டம், எந்த ஆலோசனை நிறுவனம், எந்தத் திட்ட இயக்குநர் அலுவலகம் என்று குறித்துக்கொள்ளுங்கள். “சுரங்கப்பாதை வேண்டும்” என்ற ஒற்றை வரி மனு எங்களுக்கு உதவாது. எந்தக் கிலோமீட்டர் கல்லுக்கும் எந்தக் கல்லுக்கும் இடையில், எந்தப் புல எண் அருகில் என்று எழுதுங்கள். பள்ளி நடக்கும் நாளில் காலை ஏழு மணி முதல் பத்து மணி வரை எத்தனை பேர், எத்தனை ஆடுமாடுகள், எத்தனை டிராக்டர்கள் கடக்கின்றன என்று நீங்களே எண்ணி மணிவாரியாகச் சேருங்கள். கரும்பு லாரியோ நெல் அறுவடை இயந்திரமோ கடக்கும் பாதையானால் அதன் உயரத்தையும் குறிப்பிடுங்கள், ஏனெனில் சுரங்கப்பாதையின் உயரம் அதைப் பொறுத்தது. அதையே கிராம சபைத் தீர்மானமாக்கி, திட்ட இயக்குநருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சில மாதங்கள் கழித்து, உங்கள் ஊர் எல்லைக்குள் வரும் கிலோமீட்டர்களுக்கான வரைபடத்தையும் கட்டுமானப் பட்டியலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கி, நீங்கள் கேட்டது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். டெண்டர் அறிவிப்பு வரும்வரை அதைத் திருத்த இடமுண்டு.