எதிரொலியை இதமாக்கும் கெப்பாசிட்டர்

நான் வீட்டில் கட்டிய டிலே பெடல் முதல் நாளே ஓடியது. அதில் இணைத்த கிதாரின் தந்தியை மீட்டினால், நொடியில் மூன்றில் ஒரு பங்கு கழித்து அதே சுரம் திரும்பி வந்தது. ஆனால் கரகரப்போடு வந்தது. நாலைந்து எதிரொலி சேர்ந்ததும், அடுத்து வாசிப்பதே காதில் விழவில்லை.

உள்ளே இருப்பது பிடி2399 என்ற சிப். ஒலியை ஒன்று, சுழி என்று மாற்றி, 44 கிலோபிட் நினைவகத்தில் வரிசையாக நிறுத்தி, முதலில் வந்ததை முதலில் வெளியே விடும். வரிசையின் நீளம் மாறாது. தாமதம் கூட வேண்டுமென்றால் வரிசை மெதுவாக நகர வேண்டும். சிப்பின் 6ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் (மின்சுற்றின் சுழி வோல்ட் புள்ளி) நடுவே உள்ள ரெசிஸ்டர், அதாவது மின்தடைதான் அந்த வேகத்தைத் தீர்மானிக்கிறது. 27.6 கிலோ ஓம் போட்டால் சுமார் 340 மில்லிநொடி. மெதுவாக நகர நகர, ஒலியிலிருந்து ஒரு நொடிக்கு எடுக்கும் மாதிரிகள் குறைந்து கரகரப்பு ஏறும்.

அந்தக் கரகரப்பு பெரும்பாலும் உச்ச அதிர்வெண்களில்தான் உறுத்தும். அதைக் கழிக்க ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் போதும். வேகமான அதிர்வுகளை கெப்பாசிட்டர் கிரவுண்டுக்கு இழுத்துவிடும். 10 கிலோ ஓமுடன் 2.2 நானோஃபாரட் வைத்தால் 7,200 ஹெர்ட்ஸ் அளவில் குறைக்கத் தொடங்கும், 4.7 வைத்தால் 3,400. 10 வைத்தால் 1,600. கடைசியது எனக்குப் பிடிக்கவில்லை, கம்பளி போர்த்தியது போல இருந்தது. கிதாரின் பளிச்சிடும் தன்மை எல்லாம் அதற்கு மேலுள்ள மேற்சுரங்களில் இருக்கிறது.

அளவை விட முக்கியம், அதை எங்கே வைக்கிறோம் என்பது. பெடலின் வாசலில் வைத்தால் எல்லா எதிரொலியும் ஒரே மாதிரி மங்கும். வெளிவரும் ஒலியில் ஒரு பங்கு மறுபடி உள்ளே போகும் பாதையில் வைத்தால் கதையே வேறு. முதல் எதிரொலி மங்காமல் வரும். அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் வடிகட்டல் நடக்கும். 3,400 ஹெர்ட்ஸில் உள்ள ஒலி ஒரு சுற்றில் 70 சதவீதமாகும், அடுத்ததில் 50, அப்புறம் 35. பக்கத்தில் விழும் இடி படாரென்று வெடிக்கிறது, தூரத்து இடி உறுமுகிறது அல்லவா? காற்றும் உச்ச ஒலிகளைத்தான் அதிகம் விழுங்குகிறது. அதனால் மங்கும் எதிரொலி விலகிப் போவதாகவே காதுக்குப் படுகிறது.

ஒலியை ஒன்று, சுழி என்று மாற்றாத பழைய அனலாக் பெடல்களின் இதமும் இதே வழியில் வந்ததுதான். 1969இல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் பிறந்த பக்கெட் பிரிகேட் முறையில், வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றுவது போல ஒலி படிபடியாக நகரும். 4,096 படி கொண்ட சிப் 300 மில்லிநொடி தாமதிக்க, அந்த நகர்வுக்குத் தாளம் போடும் கடிகாரம் 7,000 ஹெர்ட்ஸுக்கும் கீழே ஓட வேண்டும். அதில் பாதிக்கு மேலுள்ள ஒலியை வெட்டாமல் விட்டால் கோணலான சத்தங்கள் முளைக்கும். வேறு வழியில்லாமல் வெட்டினார்கள், அதுவே அழகாகிப்போனது.

நான் சால்டர் செய்வதற்கு முன் ஐசி சாக்கெட்டில் (சிப்பைச் செருகும் துளைப்பட்டை) இரண்டு துளையை மட்டும் வெட்டி, ஒலி மறுபடி உள்ளே போகும் பாதையில் கெப்பாசிட்டர் வரும் இடத்தில் பொருத்தினேன். 222, 472, 103 என்று எழுதிய (முறையே 2.2, 4.7, 10 நானோஃபாரட்) கெப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாகச் செருகி, ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். 472 செருகியபோது, நான்காவது எதிரொலி அடுத்த அறையிலிருந்து வருவது போல இருந்தது. அதையே வைத்து ஈயம் ஊற்றிவிட்டேன்.