சொறிமுட்டைக்கு அகப்படுவதும் தப்புவதும்

திருகோணமலையின் கிண்ணியாப் பாலத்தின் கீழே ஓடும் தண்ணீர், தம்பலகாமக் குடாவுக்கும் கொட்டியாரக் குடாவுக்கும் இடையில் வற்றுப்பெருக்கோடு போய்வருகிறது. சொறிமுட்டைகள் வருவதும் அந்த வழியாகத்தான். ஜெல்லிமீன் என்று புத்தகம் சொன்னாலும் இது மீனே அல்ல; உடம்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். வலை இழுப்பவர்களுக்குத் தொல்லை: கை அரிக்கும், வலை கனக்கும். ஆனால் களப்புத் தண்ணீர் பச்சையாகுமா தெளிவாக இருக்குமா என்பதிலும் இதற்குப் பங்கு உண்டு.

தண்ணீரில் மிதந்து திரியும் நுண்ணுயிர்களைப் பிளாந்தன் என்கிறோம். வெயிலை வைத்து உணவு ஆக்குபவை தாவரப் பிளாந்தன். அவற்றை மேய்பவை விலங்குப் பிளாந்தன். இவற்றில் முக்கியமானது கோபிபோடு, அரிசி மணியைவிடச் சிறிய, இறாலின் தூரத்துச் சொந்தம். மீன் முட்டை, இறால் குஞ்சு, சிப்பிக் குஞ்சு எல்லாம் இதே கூட்டத்தில்தான் தம் முதல் நாட்களைக் கழிக்கின்றன. சொறிமுட்டை இந்தக் கூட்டத்துக்குள் நுழைந்ததும் எல்லாவற்றையும் ஒரே மாதிரி அள்ளி விழுங்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

சொறிமுட்டையில் ஒரு வகையான நிலாச் சொறியை எடுத்துக்கொள்ளுங்கள். குடை போன்ற தன் உடம்பைச் சுருக்கும்போது தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது. விரிக்கும்போது சுற்றியுள்ள தண்ணீர் குடையின் ஓரத்தை நோக்கி இழுபட்டு வருகிறது. அங்கே உணர்கொம்புகள் தொங்குகின்றன. அவற்றில் உள்ள கொட்டும் கலங்களுக்குள் நச்சு நூல் சுருண்டு கிடக்கிறது, உள்ளே அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 150 மடங்கு. தொட்டதும் பாயும். இதே இனத் தொகுதியைச் சேர்ந்த ஹைட்ராவில் அளந்து பார்த்தபோது, அந்தப் பாய்ச்சலுக்கு ஒரு செக்கனின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடப் பிடிக்கவில்லை. ஆனால் கோபிபோடு எளிதில் அகப்படாது. தண்ணீர் இழுபடுவதை அதன் நீண்ட உணர்கொம்பு சில மில்லிசெக்கனில் கண்டுகொள்ளும், உடனே ஒரே தாவில் விலகிவிடும். மீன் முட்டையால் தாவ முடியாது. கொட்டலசுக் குஞ்சுகளும் மெதுவாகவே நீந்தும். ஆகவே நிலாச் சொறி பெருகிய இடத்தில் முதலில் குறைவது தப்பத் தெரியாதவை. எஞ்சும் கூட்டம் ஆளே மாறிப்போன கூட்டம்.

வேகம் குறைந்த மேய்ச்சல்காரர்கள் போய்விட்டால், அவர்கள் மேய்ந்த தாவரப் பிளாந்தன் பெருகும். அத்தோடு சொறிமுட்டையின் கழிவில் அமோனியமும் பொஸ்பேற்றும் இருக்கின்றன, பாசிக்கு அது நேரடி உரம். அதன் சளியை பக்ரீரியா தின்று, பெரும்பகுதியைக் காபனீரொட்சைட்டாக மூச்சு விட்டுவிடும். மீன் வரைக்கும் மேலே ஏறவேண்டிய சத்து அங்கேயே நின்றுபோகிறது.

அப்போ சொறி வந்தால் தண்ணீர் பச்சையாகும் என்று முடித்துவிடலாமா? முடியாது. ஸ்பெயினின் மார் மெனோர் களப்பில் 1990களில் வயல் உரம் வந்து சேர, இரண்டு பெரிய சொறி வகைகள் பெருகின. அவை பெரிய தாவரப் பிளாந்தனையும் சேர்த்துத் தின்றதால், உரம் கூடியும் தண்ணீர் பல வருடம் தெளிவாகவே கிடந்தது. அமெரிக்காவின் செசபீக் குடாவில் நடப்பது இன்னும் வியப்பு. அங்கே சீப்பு ஜெல்லி என்ற கொட்டாத உயிர் கோபிபோடையும் சிப்பிக் குஞ்சையும் தின்று தீர்க்கும். கொட்டும் சொறி அந்தச் சீப்பு ஜெல்லியைத் தின்னும். சொறி கூடிய காலத்தில் கோபிபோடும் கூடுகிறது! அந்தச் சொறியின் வாயில் அகப்படும் சிப்பிக் குஞ்சுகளில் பெரும்பாலானவை உயிரோடு வெளியே வந்துவிடுகின்றன. கொட்டுவதால் எல்லாரும் வெறுக்கும் பிராணி அங்கே சிப்பிக்குக் காவல்.

திருகோணமலையில் இதற்கு மேலே மழையும் ஒரு கை பார்க்கிறது. இலங்கையின் மிக நீளமான ஆறான மகாவலி, 335 கிலோமீற்றர் ஓடி, மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. வாடைக்கால மாரியில் நன்னீர் பெருகி உப்புக் குறையும்போது, கடலுக்கே பழகிய சொறிகள் தாக்குப்பிடிப்பது கஷ்டம். அக்ரோமிடஸ் போன்ற சில வகைதான் கழிமுகத்துத் தண்ணீரிலும் வாழும். மழை நின்று சோழகம் வீசும் மாதங்களில் உப்பு மறுபடி ஏறும். இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஒரு மீற்றர் வித்தியாசம்கூட இல்லை, அதனால் ஒடுங்கிய வாயுள்ள களப்பில் தண்ணீர் மாற நாளாகும். அப்படித் தங்கும் தண்ணீரில்தான் சொறியின் மேய்ச்சல் ஆழமாகத் தடம் பதிக்கும். திறந்த குடாவில் கடல் புதுப் பிளாந்தனைக் கொண்டுவந்து இட்டு நிரப்பிவிடும்.

கரையில் ஒதுங்கிய சொறியை எண்ணுவது மட்டும் போதாது என்பது என் கருத்து. அதே நாளில் நுண்கண் வலை ஒன்றைத் தோணிக்குப் பின்னால் சற்று நேரம் இழுத்து, வந்ததைப் பாடசாலை நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். கோபிபோடு நிறைய இருந்து மீன் முட்டை இல்லையென்றால் நிலாச் சொறியைச் சந்தேகிக்கலாம். கோபிபோடே இல்லையென்றால் சீப்பு ஜெல்லியைத் தேடவேண்டும், அது கண்ணாடி போல இருப்பதால் வலை இழுப்பவர் கண்ணுக்கும் தப்பியிருக்கும்.