பாலையா பயந்தால் நமக்கு ஏன் சிரிப்பு வருகிறது?

'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் கதை சொல்லும் காட்சியை ஒரு தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வசனமெல்லாம் மனப்பாடமாகிப்போனதால் நான் ஒருநாள் அப்படிப் பார்த்தேன். சத்தம் போனதும் நாகேஷ், கையையும் காலையும் வீசிக்கொண்டிருக்கும் ஒல்லியான ஓர் இளைஞராகிவிட்டார். எதிரில் உட்கார்ந்திருக்கும் டி.எஸ். பாலையாவைப் பார்த்ததும்தான் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கதையே காதில் விழாமல், கதை கேட்கிறவரின் முகத்தை மட்டும் பார்த்து எப்படிச் சிரிக்க முடிகிறது?

படம் 1964-இல் வந்தது, ஸ்ரீதர் இயக்கியது. பணக்கார அப்பாவின் (பாலையா) மகன் செல்லப்பா (நாகேஷ்), 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்று கம்பெனி வைத்துச் சினிமா எடுக்கத் துடிக்கிறான். கதை என்ன என்று அப்பாவுக்குச் சொல்ல வேண்டும். நாகேஷ் வாயாலேயே அத்தனை சத்தங்களையும் எழுப்பிப் பேய்க்கதை சொல்வார். அவர் செய்வது சாதாரண வேலை இல்லை. ஆனால் பாலையாவுக்கு அங்கே பெரிதாகப் பேச்சே கிடையாது. கேட்பது ஒன்றுதான் அவர் வேலை.

முதலில் கண்ணைக் கவனிப்போம். திரையில் எத்தனை பொருள் இருந்தாலும் நம் பார்வை முகத்துக்குத்தான் ஓடும், முகத்தில் கண்ணுக்கும் வாய்க்கும். பார்வை எங்கெங்கே போகிறது என்று கருவி வைத்து அளந்தவர்கள் பலமுறை கண்ட விஷயம் இது. மனிதக் கண்ணுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. மற்ற குரங்கினங்களோடு ஒப்பிட்டால் நம் கண்ணில் வெள்ளைப் பகுதி வெளியே அதிகம் தெரிகிறது. அதனால் ஒருவர் எங்கே பார்க்கிறார், கண்ணை எவ்வளவு விரித்திருக்கிறார் என்பது தூரத்திலிருந்தே புரிந்துவிடும். பயந்த கண்ணின் வெள்ளையை நாம் உணராத அளவுக்குச் சிறிய நேரம் காட்டினால்கூட, மூளைக்குள் ஆபத்தைக் கவனிக்கும் அமிக்டலா என்ற பகுதி தூண்டப்படுகிறது என்று 2004-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பாலையா கண்ணை விரித்து உருட்டும்போது அந்த வெள்ளையைத்தான் நம் மூளைக்கு நேராகக் காட்டுகிறார்.

பயந்தால் கண் ஏன் விரிய வேண்டும்? கனடாவின் டொராண்டோவில் நடந்த ஆய்வு ஒன்று 2008-இல் இதற்கு அழகான விளக்கம் தந்தது. பயந்த முகம் வைத்தவர்களுக்குப் பக்கவாட்டுப் பார்வை அகன்றது, மூக்கு வழியே காற்றும் கூடுதலாகப் போனது. ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தேட உடம்பு தயாராகிறது. அருவருப்பில் முகம் சுளிக்கும்போது இதற்கு நேர்மாறாகக் கண்ணும் மூக்கும் சுருங்கும். அப்படியென்றால் பாலையா அந்த நாற்காலியில் உட்கார்ந்து காட்டுவது, உயிர் பிழைக்க ஓடத் தயாராகும் ஓர் உடம்பை. வீட்டுக்குள், பட்டப்பகலில், பெற்ற மகன் எதிரில்! அந்தப் பொருத்தமின்மையில்தான் முதல் சிரிப்பு முளைக்கிறது.

அடுத்தது நம் முகத்தில் நடப்பது. ஸ்வீடனைச் சேர்ந்த உல்ஃப் டிம்பெர்க் என்ற உளவியலாளர் 1980-களில் ஆட்களின் முகத்தில் மின்முனைகளை ஒட்டி, படங்களைக் காட்டிச் சோதித்தார். சிரித்த முகத்தைப் பார்த்தால் பார்ப்பவரின் கன்னத் தசை லேசாக இழுத்தது. கோபமான முகத்தைப் பார்த்தால் புருவத் தசை சுருங்கியது. கண்ணாடியில் பார்த்தால் தெரியாத அசைவுகள், ஆனால் கருவியில் பதிந்தன. எதிராளியின் முகத்தை நம் முகமும் கொஞ்சம் போட்டுப் பார்க்கிறது. பாலையா பயப்படும்போது நமக்குள்ளும் ஒரு சிறு படபடப்பு ஏறுகிறது என்று இதைவைத்து நான் நினைக்கிறேன்.

சரி, படபடப்பு ஏறினால் நாமும் பயப்பட வேண்டியதுதானே? இல்லை. ஏனென்றால் அது வெறும் கதை என்று நமக்குத் தெரியும். குழந்தையைத் தூக்கிப் போட்டுப் பிடித்தால் அது கலகலவென்று சிரிக்கிறது. அதையே முன்பின் தெரியாத ஒருவர் செய்தால் வீறிடும். பயத்துக்கும் சிரிப்புக்கும் நடுவில் இருப்பது 'எனக்கு ஒன்றும் ஆகாது' என்ற நம்பிக்கைதான். ஆபத்து மாதிரி இருக்க வேண்டும், ஆனால் ஆபத்தாக இருக்கக் கூடாது. அமெரிக்க உளவியலாளர் பீட்டர் மெக்ராவும் கேலப் வாரனும் 2010-இல் நகைச்சுவையை ஏறக்குறைய இப்படித்தான் விளக்கினார்கள்.

இதற்கு மேல் ஒரு படி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த படியும் அதுதான். நமக்குத் தெரிந்தது பாலையாவுக்குத் தெரியவில்லை. இல்லை, தெரியும், ஆனால் மறந்துவிட்டார். நம் மூளை அவருடைய நம்பிக்கையையும் உண்மை நிலையையும் ஒரே நேரத்தில் பிடித்து வைத்துக்கொள்கிறது. இது பிறவியிலேயே முழுசாக வரும் திறமை இல்லை. ஒரு பொம்மையை ஒளித்த இடம் மாறியது தெரியாத ஒருவர், திரும்பி வந்து அதை எங்கே தேடுவார் என்று கேட்டால், மூன்று வயதுக் குழந்தை பெரும்பாலும் தவறாகச் சொல்லும்; நான்கு, ஐந்து வயதில்தான் சரியாகச் சொல்லத் தொடங்கும். பாலையா நடுவில் ஒரே ஒரு தடவை நமட்டுச் சிரிப்பு சிரித்திருந்தாலும் இந்த இரட்டைக் கணக்கு உடைந்திருக்கும். அவர் சிரிக்கவே இல்லை. கதையை முழுக்க நம்புகிறார், அதனால் நாம் சிரிக்கிறோம்.

அப்புறம், நேரம். ஹாலிவுட்டில் மார்க்ஸ் சகோதரர்கள் 1935-இல் வந்த ஒரு படத்துக்காக, அதன் காட்சிகளை முன்கூட்டியே மேடையேற்றி ஊர் ஊராக நடித்துப் பார்த்தார்கள். மக்கள் எங்கே சிரிக்கிறார்கள், எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு படத்தில் அதற்கு இடம் விட்டார்கள். தியேட்டரில் சிரிப்பு அடங்கும் முன் அடுத்த வசனம் வந்தால் அது காதில் விழாமலே போய்விடும். கேட்பவரின் முகத்தைக் காட்டுவது இந்த இடைவெளியை நிரப்ப அருமையான வழி. சிரிப்பும் கூட்டத்தில்தான் பெருகும். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட ஆட்களோடு இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்று சிரிப்பை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரொவைன் கணக்கிட்டார்.

பாலையா இந்த வித்தைக்கு வந்த வழி வியப்பானது. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து, நாடகத்தில் பழகி, 1936-இல் 'சதிலீலாவதி'யில் சினிமாவுக்கு வந்தார். எம்.ஜி.ஆருக்கும்கூட அதுதான் முதல் படம். பல வருஷம் அவர் வில்லன். 1956-இல் 'மதுரை வீரன்' வந்தபோதும் வில்லன்தான். வில்லன் கண்ணைச் சுருக்குவான், பயந்தவன் விரிப்பான். இருபது வருஷம் ஒரு பக்கம் ஓட்டிய கருவியைத்தான் அவர் பிறகு மறுபக்கம் திருப்பினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

'காதலிக்க நேரமில்லை'க்கு அடுத்த வருஷமே, 1965-இல், 'திருவிளையாட'லில் ஹேமநாத பாகவதர். பாண்டிய நாட்டையே பாட்டால் வெல்ல வந்த செருக்கு. அவர் தங்கிய வீட்டுத் திண்ணையில் ஒரு விறகுவெட்டி பாடுகிறான். அவன் யாரென்று விசாரித்தால், உனக்குப் பாட்டு வராது என்று, பாகவதரோடு போட்டியிடப் போகும் மதுரைப் பாடகர் பாணபத்திரர் தள்ளிவிட்ட ஆள் என்கிறான். தள்ளிவிடப்பட்டவனே இப்படிப் பாடினால், பாணபத்திரர் எப்படிப் பாடுவார்? இந்தக் கேள்வி முழுக்க நமக்குள்ளே ஓடுகிறது. ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணத்துக்கும் சவப்பெட்டிக்கும் பக்கத்தில் ஒட்டிக் காட்டினால், பார்ப்பவர்கள் அதில் பசியையும் துக்கத்தையும் படிப்பார்கள் என்று நூறு வருஷத்துக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற திரைப்பட இயக்குநர் சொன்னார். பின்னால் சோதித்தவர்களுக்கு அவ்வளவு பெரிய விளைவு கிடைக்கவில்லை. ஆனாலும் பாலையாவின் அந்த முகத்தைப் பார்க்கும்போது குலெஷோவ் நினைவுக்கு வருகிறார். பேய்க்கதைக்குக் கண்ணை உருட்டியவர் இங்கே கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போகிறார், மிச்சத்தை நாமே நிரப்பிக்கொள்கிறோம். அன்று ராத்திரியே பாகவதர் மதுரையை விட்டுக் கிளம்பிவிடுகிறார்.