தபால் பெட்டி நடும் முன் மண்வெட்டியைக் கீழே வையுங்கள்

அமெரிக்காவில் வீடு வாங்கிய ஒரு நண்பர் ஆசை ஆசையாகச் செங்கல் தூண் கட்டி அதில் தபால் பெட்டியைப் பதித்தார். இரண்டு வாரம் ஒரு கடிதம்கூட வரவில்லை. போய்க் கேட்டால், வண்டியில் உட்கார்ந்தபடியே கடிதம் போடும் தபால்காரருக்குக் கை எட்டவில்லையாம். கட்டும்போது ஒருவரும் சொல்லவில்லை.

தெருவோரப் பெட்டிக்குச் செலவு முழுக்க நம்முடையது. அது நிற்கும் இடம் மட்டும் தபால் துறையின் கையில். பெட்டியின் அடிப்பாகம் 41 முதல் 45 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். கதவு கர்ப் எனப்படும் சாலையோரத் திட்டின் விளிம்பிலிருந்து 6 முதல் 8 அங்குலம் உள்ளே தள்ளி இருக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது உயரத்தில்தான். புல்தரையில் நின்று அளக்கிறார்கள். அளக்க வேண்டியது சாலை மட்டத்திலிருந்து. கர்ப் உயரத்தை மறந்தால் பெட்டி அந்த அளவுக்கு மேலே போய்விடும்.

கம்பம் நாலுக்கு நாலு அங்குல மரமோ, 2 அங்குல விட்டமுள்ள குழாயோ போதும். 24 அங்குலத்துக்கு மேல் புதைக்க வேண்டாம். கார் மோதினால் அது சாய வேண்டும். கான்கிரீட் தூண் சாயாது, காரில் இருப்பவர்தான் சாவார். தோண்டுவதற்குச் சில நாள் முன்பே 811க்குப் போன் செய்யுங்கள். நிலத்தடிக் குழாய், கேபிள் போகும் இடத்தை இலவசமாகக் குறித்துத் தருவார்கள்.

அப்புறம் இடத்துக்குச் சம்மதம் வாங்கும் அலைச்சல். தபால் துறையின் பொது உதவி எண்ணில் பொதுவான பதில்தான் கிடைக்கும். உங்கள் தெருவுக்குத் தபால்காரரை அனுப்பும் அலுவலகம் எது என்று கேட்டு, அங்குள்ள போஸ்ட்மாஸ்டரைப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் அலுவலகமே அதுவாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். அவர் சரி என்றாலும் வேலை முடியவில்லை. கவுன்ட்டிக்கும் (மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகம்) குடியிருப்போர் சங்கத்துக்கும் தனி விதி இருக்கலாம், இவர் சொன்னதை அவர் ஏற்கமாட்டார். யார், எந்தத் தேதியில் சரி என்றார் என்று எழுதி வையுங்கள்; முடிந்தால் மின்னஞ்சலாகவே வாங்கிவிடுங்கள்.

பூட்டுப் பெட்டி வாங்குபவர்கள் கடிதம் நுழையும் வாயின் அளவைப் பாருங்கள். தபால்காரர் சாவி வைத்துக்கொள்ளமாட்டார், பூட்டைத் திறக்கவும் மாட்டார். புதுக் குடியிருப்புகளில் பெரும்பாலும் பல வீடுகளுக்கும் ஒரே இடத்தில் இருக்கும் கூட்டுப் பெட்டிதான். அங்கே தனிப்பெட்டி நட்டுவிட்டு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

வாசல்வரை கடிதம் வந்துகொண்டிருக்கும் சொந்த வீடு என்றால், "இனி தெருவோரத்தில் பெட்டி வையுங்கள்" என்று யாராவது சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள். உரிமையாளர் எழுத்தில் சம்மதிக்காமல் அதை மாற்றக்கூடாது என்பது தபால் துறையின் சொந்த விதி. வீடு கைமாறியதை மட்டும் காரணம் காட்டியும் மாற்ற முடியாது. நடக்க முடியாத பெற்றோர் இருந்தால், மருத்துவரின் கடிதத்துடன் வாசல் விநியோகம் கேட்டு மனு கொடுக்கலாம். அந்த மனுவுக்கு ஒரு நகல் எடுத்து, வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்தும் கேளுங்கள்.