இரவில் தானாக ஓடும் இயங்குதள பில்டுகள்: சூழல் மாறிகளில் கவனிக்க வேண்டியவை

எம்பெடட் கருவிகளுக்கான லினக்ஸ் இயங்குதளத்தை யோக்டோ என்ற கட்டமைப்புத் திட்டத்தைக் கொண்டு உருவாக்கும் குழுக்களிடம் நான் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. பொறியாளர் பகலில் தாமே உட்கார்ந்து ஓட்டினால் பில்ட் (மூலநிரலிலிருந்து இயங்குதளத்தைக் கட்டும் ஓட்டம்) ஒழுங்காக முடிகிறது. அதே சர்வரில், அதே மூலநிரல், இரவு இரண்டு மணிக்குத் தானாக ஓடினால் பாதியில் விழுந்துவிடுகிறது. உடனே நெட்வொர்க்கின் மீதோ சர்வரின் நினைவகத்தின் மீதோ சந்தேகம் போகிறது. பெரும்பாலான நேரங்களில் இரண்டுமே காரணமல்ல. லினக்ஸில் ஒரு புரோசஸ் (ஓடும் நிரல்) இன்னொன்றைத் தொடங்கும்போது தன் சூழல் மாறிகளின், அதாவது நிரல்கள் படிக்கும் பெயர்–மதிப்பு அமைப்புகளின், நகலை அதற்குக் கொடுத்தனுப்புகிறது. பகலில் அந்த நகலைக் கொடுப்பது பொறியாளரின் லாகின் ஷெல், அதாவது அவர் உள்நுழைந்ததும் கட்டளைகளை ஏற்கும் நிரல். இரவில் கொடுப்பது, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான். இரண்டும் கொடுப்பது ஒன்றல்ல.

கிரான் கொடுப்பது மிகக் கொஞ்சம். டெபியன், உபுண்டு சர்வர்களில், கட்டளைகளைத் தேடவேண்டிய இடங்களைச் சொல்லும் 'பாத்' மாறியில் இரண்டே கோப்பகங்கள் இருக்கும். பயனரின் ஹோம் கோப்பகத்துக்குள் பைத்தான் வழியாக நிறுவிய கருவிகள் எதுவும் அதற்குத் தெரியாது. ஷெல்லாக வருவது பாஷ் அல்ல, டேஷ். அதில் 'சோர்ஸ்' என்ற கட்டளையே இல்லாததால், யோக்டோவின் தொடக்க ஸ்கிரிப்ட்டை அந்தக் கட்டளையால் அழைத்திருப்பவர்களுக்கு முதல் வரியிலேயே பிழை வரும். பாஷின் தொடக்கக் கோப்பில் எழுதி வைத்த மாறிகளை வலிந்து ஏற்றிப் பார்ப்பவர்களும் உண்டு. ஆனால் உபுண்டு தரும் இயல்பான கோப்பு, எதிரில் மனிதர் இல்லை என்று கண்டதும் தொடக்கத்திலேயே திரும்பிவிடும்படி எழுதப்பட்டது என்பதால், அதன் கீழே எழுதியவை படிக்கப்படாமலே போகின்றன. கிரான் பட்டியலுக்குள்ளேயே மாறிகளை எழுதலாம், ஆனால் அங்கே ஒரு மாறிக்குள் இன்னொரு மாறியின் மதிப்பை விரித்துக்கொள்ள முடியாது. டாலர் குறி வெறும் எழுத்தாகவே நிற்கும். தேதிக்காகச் சதவிகிதக் குறியைப் போட்டால் அதைப் புதிய வரி என்று கிரான் எடுத்துக்கொள்ளும் என்பது இன்னொரு பழைய கண்ணி.

ப்ராக்ஸியும் (இணையத்துக்கான இடைச் சர்வர்) எஸ்எஸ்எச் ஏஜென்ட்டும் (சாவிகளை நினைவில் வைத்து உள்நுழைய உதவும் நிரல்) இதே வகைதான். பொறியாளரின் லேப்டாப்பிலிருந்து வந்த ஏஜென்ட் இணைப்பின் தயவில் பகலில் தனியார் ரெப்போக்கள் (மூலநிரல் களஞ்சியங்கள்) இறங்கியிருக்கும். அவர் லாகவுட் செய்த பின் அந்த இணைப்பு இருக்காது. இரவு பில்டுக்குப் படிக்க மட்டுமே அனுமதியுள்ள தனிச் சாவியைக் கொடுப்பதுதான் முறை. கூடவே, கடவுச்சொல் கேட்டு நிற்காதபடி, மூலநிரலை இறக்கும் கிட்டின் டெர்மினல் கேள்வியை அணைக்கும் மாறியைச் சுழியமாக வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் பதில் சொல்ல ஆளில்லாத கேள்வியோடு பில்ட் விடியும்வரை தொங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

மொழி அமைப்பில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எந்த இயந்திரத்திலும் ஒரே முடிவு வரவேண்டும் என்பதற்காக மொழியையும் எழுத்துமுறையையும் நிர்ணயிக்கும் 'எல்சி ஆல்' மாறியை 'சி' என்று வைக்கச் சொல்வது பில்ட் உலகில் பரவலான அறிவுரை. பல இயங்குதளங்களுக்கு அது சரியும்கூட. யோக்டோவில் பில்டை நடத்தும் பிட்பேக் மட்டும், 3.7க்கு முந்தைய பைத்தான் பதிப்புகளோடு ஓடியபோது, அதை ஏற்கவில்லை. கோப்புப் பெயர்களின் எழுத்துமுறையைப் பைத்தான் தான் தொடங்கும் கணத்திலேயே முடிவு செய்துகொள்வதால், யூடிஎஃப்-8 ஆதரவுள்ள மொழி அமைப்பு தொடக்கத்திலேயே இருக்கவேண்டும் என்று சொல்லி அது நின்றுவிட்டது. பொது அறிவுரையைப் பொருள் அறியாமல் நகலெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இதுவரை சொன்னவை எரிச்சல் தருபவை, ஆனால் மறைவாக நிற்பவை அல்ல; பில்ட் விழும், லாக்கில் காரணம் இருக்கும், ஒரு காலைப்பொழுதில் சரிசெய்துவிடலாம். பில்ட் விழாமலே தவறாகப் போவதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

பிட்பேக், தன்னை அழைத்த ஷெல்லின் சூழல் மாறிகளை அப்படியே உள்ளே விடுவதில்லை. இன்னின்ன பெயர்கள் மட்டும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இல்லாதவற்றை வாசலிலேயே கழித்துவிடுகிறது. 'மெஷின்' (இலக்கு வன்பொருள்), 'டிஸ்ட்ரோ' (இயங்குதள வகை), ப்ராக்ஸி மாறிகள், எத்தனை இழைகள் ஓடலாம் என்பது போன்றவை ஏற்கெனவே அந்தப் பட்டியலில் உண்டு. கூடுதலாக ஒன்றை அனுப்ப வேண்டுமானால் அதன் பெயரை 'பிபி என்வ் பாஸ்த்ரூ அடிஷன்ஸ்' என்ற மாறியில் சேர்க்கவேண்டும். 2022இல் வந்த கர்க்ஸ்டோன் வெளியீட்டுக்கு முன் இந்த மாறிக்கு வேறு பெயர் இருந்தது. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பலவும் இன்னும் பழைய பெயரையே சொல்கின்றன.

இந்தக் கதவு தெரியாமல், பில்டுகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸில் ஒரு மாறியை அமைத்துவிட்டு, அது பில்டுக்குள் போய்விட்டது என்று நம்புபவர்கள் ஏராளம். எடுத்துக்காட்டாக, பிழைதிருத்த வசதிகளை அணைக்கும் ஒரு மாறியை வெளியீட்டு பில்டில் வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். பிட்பேக் அதைப் பார்க்கவே இல்லை. ரெசிபியில் (ஒரு தொகுப்பைக் கட்டும் முறையைச் சொல்லும் கோப்பில்) உள்ள இயல்பு மதிப்பே செல்லும். பில்ட் பச்சை நிறத்தில் முடியும். கருவி பிழைதிருத்த வாசல் திறந்தபடியே வாடிக்கையாளரிடம் போகும். மாறி உள்ளே போனாலும் அது பிட்பேக்கின் தரவுக் கிடங்கு வரைதான் போகிறது. டாஸ்க் (பில்டின் ஒரு படி) ஓடும் ஷெல்லுக்கு அது தெரியவேண்டுமென்றால் ரெசிபியில் தனியாக ஏற்றுமதி (எக்ஸ்போர்ட்) செய்யவேண்டும். மேலும், பில்டின் லோக்கல் கட்டமைப்புக் கோப்பில் ஒரு மாறிக்குச் சாதாரணச் சமக்குறியால் மதிப்புக் கொடுத்திருந்தால் வெளியிலிருந்து வந்த மதிப்பு அழிந்துபோகும். கேள்விக்குறியோடு கூடிய சமக்குறியாக இருந்தால்தான் வெளி மதிப்பு நிற்கும். 'மெஷின்' மாறியை இரவில் வேறாகக் கொடுத்தும் ஒரே வன்பொருளுக்கே இமேஜ் (கருவியில் ஏற்றும் இயங்குதளக் கோப்பு) வருகிறது என்றால் முதலில் பார்க்கவேண்டிய இடம் அதுதான்.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது. கதவு தொல்லை தருகிறது என்று, ஜென்கின்ஸ் கொடுக்கும் எல்லா மாறிகளையும் மொத்தமாக உள்ளே விட்டு, பொதுக் கட்டமைப்புக் கோப்பில் ஏற்றுமதியும் செய்துவிடுகிறார்கள். பிட்பேக் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் அதன் நிரல், அது சார்ந்துள்ள மாறிகள், அதற்கு முந்தைய டாஸ்க்குகள் ஆகியவற்றிலிருந்து ஒரு ஹேஷ் (உள்ளடக்கத்தின் சுருக்க அடையாளம்) கணக்கிடுகிறது. ஹேஷ் மாறாவிட்டால் பழைய கேஷிலிருந்து (சேமித்து வைத்த முடிவுகளிலிருந்து) எடுத்துக்கொள்கிறது. பொதுவாக ஏற்றுமதி செய்த மாறி, ஷெல்லில் எழுதப்பட்ட டாஸ்க்குகள் எல்லாவற்றின் கணக்கிலும் சேர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு இரவும் மாறும் பில்ட் எண்ணை இப்படி ஏற்றுமதி செய்தால் கம்பைலர் முதற்கொண்டு அனைத்தும் ஒவ்வொரு இரவும் புதிதாகக் கட்டப்படும். கேஷ் வட்டு நிரம்பும், பில்ட் விடிந்தபின்னும் ஓடிக்கொண்டிருக்கும், பெரிய சர்வர் வேண்டும் என்று மேலாளரிடம் விண்ணப்பம் போகும். பில்ட் எண் தேவைப்படுவது பெரும்பாலும் இமேஜின் பெயரிலும் ஒரு தகவல் கோப்பிலும் மட்டுமே. அங்கே மட்டும் அதைப் பயன்படுத்தி, ஹேஷ் கணக்கிலிருந்து விலக்கும் குறியையும் அந்த இடத்திலேயே இட்டுவிட்டால் போதும். யோக்டோ தன் சொந்தத் தேதி மாறியை இமேஜ் பெயருக்கு அப்படித்தான் கையாள்கிறது.

தேதி என்றதும் ஒன்று. யோக்டோ அந்தத் தேதியை யூடிசி (உலகப் பொது) நேரத்தில் கணக்கிடுகிறது. இந்தியாவில் 15ஆம் தேதி அதிகாலை இரண்டு மணிக்கு ஓடும் பில்டுக்கு யூடிசியில் நேரம் 14ஆம் தேதி இரவு 8.30. ஸ்கிரிப்ட் இந்திய நேரத்தில் கோப்புறையின் பெயரை வைத்து, இமேஜின் பெயர் யூடிசியில் அமைந்தால், சோதனைக் குழுவினர் 'நேற்றைய பில்ட் ஏன் இன்றைய கோப்புறையில் இருக்கிறது' என்று கேட்பார்கள். தொடக்கத்தில் ஒரே ஒரு முறை யூடிசியில் நேரத்தை எடுத்து மாறியில் வைத்து, ஸ்கிரிப்ட் முழுதும் அதையே பயன்படுத்துவது நல்லது.

என் பரிந்துரை இதுதான்: இரவு பில்டை வெற்றுச் சூழலிலிருந்து தொடங்குங்கள். 'என்வ்' கட்டளையின் ஐ விருப்பம், வந்த மாறிகள் அனைத்தையும் நீக்கிவிட்டுத் தொடங்க உதவுகிறது. பிறகு வேண்டியவற்றை மட்டும், ரெப்போவிலேயே வைத்திருக்கும் ஒரு கோப்பிலிருந்து ஏற்றுங்கள். ஒவ்வொன்றும் ஏன் இருக்கிறது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். பதிவிறக்கக் கோப்பகம், கேஷ் கோப்பகம், இழைகளின் எண்ணிக்கை போன்றவை சூழல் மாறிகளாக இருக்கவே தேவையில்லை. சர்வருக்கான சைட் கட்டமைப்புக் கோப்பில் எழுதிவிடலாம். பகலில் ஓட்டுபவரும் அதே ஸ்கிரிப்ட் வழியாகத்தான் ஓட்டவேண்டும் என்று கட்டாயமாக்கினால் பகல்–இரவு வேறுபாடு என்ற பேச்சுக்கே இடமிருக்காது. இதற்கு முணுமுணுப்பு எழும், எழட்டும்.

ரகசியங்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 2021 ஜனவரி இறுதியில், நிரல் சோதனையின் பரப்பை அளக்கும் கோட்கவ் நிறுவனத்தின் பாஷ் பதிவேற்ற ஸ்கிரிப்ட்டை ஊடுருவியவர்கள் மாற்றியமைத்தார்கள். அதை ஓட்டிய தானியங்கி பில்டுகளின் சூழல் மாறிகள் வெளியே ஒரு சர்வருக்கு அனுப்பப்பட்டன. ஏப்ரல் மாதத்தில்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. சூழல் மாறி என்பது ஒளித்துவைக்கும் இடமல்ல. பில்டில் ஓடும் ஒவ்வொரு நிரலும், எங்கிருந்தோ இறக்கிய ஸ்கிரிப்ட் உட்பட, அதைப் படிக்கலாம். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் சர்வீஸ் கோப்பில் எழுதிய சூழல் மாறிகளை அதே இயந்திரத்தின் சாதாரணப் பயனர்களும் பார்க்கலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. ரகசியங்களுக்கென்று தனி வசதியும் சிஸ்டம்டியில் 247ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது.

யோக்டோவில் இதைவிட நுட்பமான கசிவு ஒன்று உண்டு. ஏற்றுமதி செய்த மாறிகளின் மதிப்புகள், ஒவ்வொரு டாஸ்க்குக்கும் பிட்பேக் எழுதும் ரன் ஸ்கிரிப்ட்டில் அப்படியே பதிவாகின்றன. அது பில்ட் கோப்பகத்துக்குள் இருந்துவிடுகிறது, சரி. ஆனால் டாஸ்க்கின் ஹேஷ் எந்தெந்த மாறிகளைச் சார்ந்ததோ அவற்றின் மதிப்புகள், கேஷில் தொகுப்போடு சேர்த்து வைக்கப்படும் சிக்இன்ஃபோ கோப்புகளிலும் எழுதப்படுகின்றன. அந்தக் கேஷை மற்ற அலுவலகங்களுக்கோ வாடிக்கையாளருக்கோ ஒரு மிரர் (நகல் சர்வர்) வழியாகத் திறந்து வைத்திருந்தால், ஏற்றுமதி செய்த ரெப்போ டோக்கனும் (அனுமதிக் குறியீடும்) அங்கே சேர்ந்தே போகிறது. பிட்பேக்கோடு வரும் டம்ப்சிக் கருவியால் யாரும் அதைப் படித்துவிடலாம். ஜென்கின்ஸ் லாக்கில் நட்சத்திரக் குறிகளாக மறைப்பது இந்தக் கோப்புகளைத் தொடுவதில்லை.

ஆகவே டோக்கன்களைப் பிட்பேக்கின் கதவு வழியாக அனுப்ப வேண்டாம். மூலநிரலை இறக்குவதற்கான அனுமதியை எஸ்எஸ்எச் சாவியிலோ உள்நுழைவு விவரங்களை வைக்கும் நெட்ஆர்சி கோப்பிலோ, பில்ட் பயனர் மட்டும் படிக்கும்படி வையுங்கள். இமேஜைக் கையொப்பமிடும் சாவி பில்ட் இயந்திரத்துக்கே வரவேண்டாம். பில்ட் முடிந்தபின் வேறொரு இயந்திரத்தில், வேறொரு பயனரின் கீழ் கையொப்பம் நடக்கட்டும். ஏற்கெனவே டோக்கனை ஏற்றுமதி செய்து ஓட்டிவந்த குழுவினர் முதலில் அந்த டோக்கனை ரத்துசெய்து புதியது வாங்கவேண்டும். பிறகு பில்ட் கோப்பகத்தையும் கேஷையும் அழித்து, மிரரில் உள்ள பழைய சிக்இன்ஃபோ கோப்புகளையும் நீக்கவேண்டும். அன்றிரவு முழு பில்டும் முதலிலிருந்து ஓடும் என்பதைச் சோதனைக் குழுவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.